சம்பளத்தை விட்டு ஸ்பா முதலாளி ஆகலாமா?

மாதம் பிறந்தால் சம்பளம். தீபாவளிக்குப் போனஸ். வருஷத்துக்கு ஒரு முறை சம்பள உயர்வு. இப்படிப்பட்ட கம்பெனி உத்தியோகத்தை உதறிவிட்டு, சொந்தத் தொழிலில் இறங்கும் ஆசை இப்போது நடுத்தரக் குடும்பங்களில் பரவி வருகிறது.

என்ன தொழில்? எண்ணெய்க் குளியல், மூலிகை ஆவி, மசாஜ், யோகா, உடற்பயிற்சி, அழகுக்கலை. இவற்றை எல்லாம் சேர்த்து "நலவாழ்வு நிலையம்" என்கிறார்கள். பெயர் பெற்ற ஒரு கம்பெனியின் பலகையை மாட்டிக்கொண்டு இதை நடத்துவதற்கு "பிரான்சைஸ்" என்று பெயர்.

வால்பாறை போன்ற மலை ஊர்களில் இந்த ஆசைக்குத் தனிக் கவர்ச்சி உண்டு. குளிர்ந்த காற்று, தேயிலைத் தோட்டம், மூடுபனி. "இங்கே ஒரு ஸ்பா வைத்தால் கூட்டம் அலைமோதாதா?" என்று தோன்றுகிறது.

அலைமோதுமா? பணத்தைப் போடுவதற்கு முன்னால், குடும்பத்தோடு உட்கார்ந்து ஆராய வேண்டிய விஷயம் இது.

வேலையோடு வீடும் போகும்

கம்பெனி வேலை என்றால் என்ன என்று வால்பாறைக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அந்த ஊரே கம்பெனிகளின் ஊர். தேயிலை எஸ்டேட்டுகளும் காடும் போக, மிச்சம் இருக்கும் இடம் கொஞ்சம்தான்.

1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்குக் கம்பெனியே வீடு கொடுக்க வேண்டும் என்றது. லைன் வீடு, ஆஸ்பத்திரி, பிள்ளைகளுக்குக் காப்பகம், எல்லாம் கம்பெனி கணக்கு. ஆனால் வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும்! அதனால்தான் எஸ்டேட்காரர்கள் வேலையை விடுவதற்கு நூறு முறை யோசித்தார்கள்.

பிள்ளைகள் யோசிக்கவில்லை. படித்தார்கள். மலையை விட்டு இறங்கினார்கள். பொள்ளாச்சி, கோவை, திருப்பூர் என்று போய்விட்டார்கள். 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் வால்பாறையின் மக்கள் தொகை சுமார் 95 ஆயிரம். 2011இல் அது சுமார் 71 ஆயிரம். பத்து ஆண்டுகளில் நாலு பேரில் ஒருவர் குறைந்துவிட்டார். காலியான வேலைகளுக்கு அசாம், ஜார்க்கண்டு மாநிலங்களிலிருந்து தொழிலாளர்கள் வந்திருக்கிறார்கள்.

கீழே போன பிள்ளைகளின் கம்பெனி வேலையும் இப்போது ஆட்டம் காண்கிறது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். கம்பெனி, உலகம் முழுவதும் சுமார் 12 ஆயிரம் பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. அதாவது, அதன் ஊழியர்களில் 100க்கு 2 பேர். இப்படிப்பட்ட செய்தியைப் படித்த 40 வயதுக்காரருக்கு என்ன தோன்றும்? "அவர்கள் அனுப்புவதற்கு முன்னால் நாமே போய்விடலாம்" என்று தோன்றுகிறது. அந்த நேரம் பார்த்து, "நீங்களும் முதலாளி ஆகலாம்" என்ற விளம்பரம் கண்ணில் படுகிறது.

பிரான்சைஸ் என்றால் என்ன?

இது ஒரு விதமான பெயர் வாடகை.

பெயரும் முறையும் பெரிய கம்பெனிக்குச் சொந்தம். கடை வாடகை, நாற்காலி, கட்டில், ஆட்கள் சம்பளம், கடன் எல்லாம் கடைக்காரருக்குச் சொந்தம். பெயரைப் பயன்படுத்த முதலில் ஒரு பெரிய தொகை கட்ட வேண்டும். பிறகு மாதா மாதம், விற்பனையில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும். அதற்கு "ராயல்டி" என்று பெயர்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ராயல்டி பெரும்பாலும் லாபத்தின் மேல் கணக்கிடப்படுவதில்லை. விற்பனையின் மேல் கணக்கிடப்படுகிறது. ஆகவே, கடைக்காரருக்கு நஷ்டம் வந்த மாதத்திலும் கம்பெனிக்குப் பணம் போய்ச் சேரும்!

இந்த முறையில் ஜெயித்தவர்களும் உண்டு. 2000ஆம் ஆண்டில் சென்னையில் கே. வீணா என்ற பெண்மணி "நேச்சுரல்ஸ்" அழகு நிலையத்தைத் தொடங்கினார். பிறகு கணவர் சி.கே. குமரவேலும் சேர்ந்துகொண்டார். பிரான்சைஸ் முறையில் அந்தப் பெயர் ஊர் ஊராகப் பரவியது. நூற்றுக்கணக்கான கடைகள் வந்தன. வீட்டோடு இருந்த பெண்கள் பலர் கடை முதலாளிகள் ஆனார்கள்.

பெரிய பெயரே சரிந்த கதையும் உண்டு. மும்பையில் 1932இல் தொடங்கிய தல்வால்கர்ஸ் உடற்பயிற்சிக்கூடம் நாடு முழுவதும் கிளை விட்டது. 2019இல் அதன் கம்பெனியால் கடனைத் திருப்பிக் கட்ட முடியவில்லை. விஷயம் திவால் நடவடிக்கை வரை போயிற்று. அமெரிக்காவில் 1965இல் பிறந்த கோல்ட்ஸ் ஜிம், 2020 மே மாதம் திவால் மனு கொடுத்தது. கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய தமிழ்நாட்டு உடற்பயிற்சிக்கூடங்கள், ஆகஸ்டு 10ஆம் தேதிதான் மறுபடி திறந்தன. அத்தனை மாதமும் கடை வாடகை நிற்கவில்லை. வங்கி வட்டியும் நிற்கவில்லை.

பெயர் பெரிதாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இவை சாட்சி.

இதோ கணக்கு!

ஓர் உதாரணம். கோவையில் ஒரு நிலையம். வரி நீங்கலாக மாத வசூல் 3 லட்சம் ரூபாய் என்று வைத்துக் கொள்ளலாம்.

ராயல்டி 100க்கு 7 வீதம் 21,000. அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 3,780. வாடகை 50,000. அதற்கு ஜி.எஸ்.டி. 9,000. ஆட்கள் சம்பளம் 1,20,000. மின்சாரம், எண்ணெய், துண்டு, சோப்பு வகையறா 50,000.

ஆகச் செலவு 2,53,780 ரூபாய். மிச்சம் 46,220.

பரவாயில்லையே என்று தோன்றும். பொறுங்கள். 15 லட்சம் வங்கிக் கடனை 11 சதவீத வட்டியில் 5 ஆண்டுகளில் அடைக்க, மாதத் தவணை சுமார் 32,600. அதையும் கழித்தால் கையில் நிற்பது 13,600 சொச்சம். காலை முதல் இரவு வரை கடையில் நின்ற முதலாளிக்குச் சம்பளம் அவ்வளவுதான்!

வசூல் 3 லட்சத்திலிருந்து 2,40,000 ஆகக் குறைந்தால்? ராயல்டி கொஞ்சம் குறையும். மற்றச் செலவுகள் குறையா. தவணை கட்டுவதற்கு முன்பே 8,824 ரூபாய் துண்டு விழும். தவணையும் சேர்ந்தால், மாதம் 41 ஆயிரத்துக்கு மேல் கைப்பணத்திலிருந்து போட வேண்டும்.

ஐந்து வாடிக்கையாளரில் ஒருவர் வராமல் போனால் இந்த நிலை.

வரி குறைந்தது, யாருக்கு லாபம்?

2025 செப்டம்பர் 22 முதல் அழகு நிலையம், ஜிம், யோகா, உடல்நலச் சேவைகளுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வாடிக்கையாளருக்கு நல்ல செய்தி. ஆயிரம் ரூபாய்க் கட்டணத்துக்கு 180 ரூபாய் வரி கட்டியவர், இப்போது 50 ரூபாய் கட்டினால் போதும்.

கடைக்காரருக்கு அதில் ஒரு முடிச்சு இருக்கிறது. முன்பு, ராயல்டிக்கும் வாடகைக்கும் தான் கட்டிய வரியை, அரசுக்குக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடிந்தது. 5 சதவீத முறையில் அப்படிக் கழிக்க முடியாது. மேலே சொன்ன கணக்கில் வரும் 3,780 ரூபாயும் 9,000 ரூபாயும் அவர் தலையில்தான். சேவைத் தொழிலில் வருஷ வசூல் 20 லட்சத்துக்குள் இருப்பவர் ஜி.எஸ்.டி. பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் அவ்வளவு சிறிய வசூலில், ராயல்டியும் வாடகையும் கொடுத்துக் கட்டுப்படியாவது கஷ்டம்.

மலையில் வைத்தால்?

இனி வால்பாறைக்கு வரலாம். அங்கே வாடகை கோவை அளவு இராது. துரைமார் இருந்த பங்களாக்கள் சில, இன்று பயணிகள் தங்கும் விடுதிகள் ஆகிவிட்டன. நகரத்துக் களைப்போடு வருகிறவர்களுக்கு எண்ணெய்க் குளியலும் ஓய்வும் தேவைதான்.

ஆனால் வருகிறவர்கள் யார்? உள்ளூர்க்காரர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். தோட்டத் தொழிலாளி ஆயிரம், இரண்டாயிரம் கொடுத்து மசாஜ் செய்துகொள்ள முடியாது. ஆகவே பயணிகளை நம்பியே பிழைக்க வேண்டும்.

பயணிகள் விடுமுறையில் வருவார்கள். சனி, ஞாயிறு வருவார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை கொட்டும். சின்னக்கல்லாறு, தமிழ்நாட்டில் மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். 2025 நவம்பர் 1 முதல், வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம் ஆகியிருக்கிறது. சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம். இருட்டிய பிறகு சிறுத்தையும் யானையும் நடமாடும் ஊரில், கடையை இரவு பத்து மணி வரை நடத்த முடியாது.

வேலைக்கு ஆள் கிடைப்பதும் சிரமம். பயிற்சி பெற்றவரைக் கீழிருந்து அழைத்து வந்தால், தங்க இடமும் கொடுக்க வேண்டும்.

பெரிய கம்பெனிகளின் ஒப்பந்தமோ நகரத்துக்காக எழுதப்பட்டது. இத்தனை சதுர அடி, இன்ன நாற்காலி, மாதம் குறைந்தபட்சம் இவ்வளவு ராயல்டி என்று இருக்கும். மழைக்காலம் என்று அதில் தனிப் பிரிவு கிடையாது. மலையில் தொழில் செய்ய விரும்புகிறவர், பெயர் வாடகை இல்லாமல் இரண்டு அறையில் சிறிதாகத் தொடங்குவதே ஏற்றது. விடுதிக்காரர்களோடு பேசி, அவர்கள் அனுப்பும் விருந்தினருக்குச் சேவை செய்யலாம். கோவையில் ஆரிய வைத்திய பார்மசி 1943இல் பி.வி. ராம வாரியரால் தொடங்கப்பட்டது. அது வளர்ந்தது வைத்தியத்தின் பெயரால். வாடகைப் பெயரால் அல்ல.

வைத்தியம் என்று பலகை போட்டால் மட்டும் எச்சரிக்கை தேவை. தகுதி பெற்ற மருத்துவர் வேண்டும். தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி பதிவும் வேண்டும்.

சட்டம் காப்பாற்றுமா?

அமெரிக்காவில் பிரான்சைஸ் விற்பவர், கையெழுத்து வாங்குவதற்கு 14 நாள் முன்னதாகவே தன் கணக்கு வழக்குகளை எழுத்தில் கொடுக்க வேண்டும். எத்தனை கடைகள் மூடப்பட்டன என்பதையும் அதில் சொல்ல வேண்டும். இந்தியாவில் பிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் இல்லை. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம்தான் துணை. அதாவது, எதில் கையெழுத்துப் போட்டோமோ அதுதான் சட்டம்!

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா? வியாபாரத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார். சொந்த உழைப்பால் பிழைப்பதற்காக மட்டுமே வாங்கியவருக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டம் விலக்குத் தருகிறது. அதை அவர் நிரூபிக்க வேண்டும்.

"மாதம் இவ்வளவு நிச்சயம்" என்று யாராவது சொன்னால், கொங்கு நாட்டுக்காரர்கள் 2012ஆம் ஆண்டை நினைத்துக் கொள்ள வேண்டும். ஈமுக் கோழி வளர்த்தால் மாதா மாதம் பணம் என்று பெருந்துறைப் பக்கம் சொன்னார்கள். நிலத்தை விற்று, நகையை அடகு வைத்துப் பணம் கட்டியவர்கள் ஏராளம். கடைசியில் கோழிதான் மிஞ்சியது. தீனி போடவும் வழியில்லை. உண்மையான தொழிலில் நிச்சய வருமானம் என்று ஒன்று கிடையாது.

குடும்பம் செய்ய வேண்டியது

வேலையை விடுவதற்கு முன் வரவேண்டியதைக் கணக்கிடுங்கள். நிரந்தர ஊழியர் 5 ஆண்டுகள் முடித்தால்தான் கிராஜுவிட்டி. பி.எப். பென்ஷனுக்கு 10 ஆண்டுகள் வேண்டும். சில மாதம் பொறுத்தால் கிடைப்பதை அவசரப்பட்டு இழக்கக் கூடாது.

அதே கம்பெனியின் பலகை தொங்கும் ஐந்து கடைகளுக்குப் போங்கள். கம்பெனி காட்டும் கடைக்கு வேண்டாம். நீங்களாகத் தேர்ந்த கடைக்குப் போங்கள். மூடிய கடைக்காரர் ஒருவரையாவது பாருங்கள். அவர் சொல்வது விளம்பரத்தில் வராது.

ஒப்பந்தத்தை வக்கீலிடம் காட்டுங்கள். எத்தனை ஆண்டு, பக்கத்திலேயே இன்னொரு கடை கொடுப்பார்களா, இடையில் விலகினால் முன்பணம் திரும்புமா என்ற மூன்றையும் கேளுங்கள்.

மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள். முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கான "நீட்ஸ்" திட்டத்தில் 25 சதவீத மானியம் உண்டு. உங்கள் தொழிலுக்கு அது பொருந்துமா என்று அங்கே சொல்வார்கள்.

ஒரு வருஷ வீட்டுச் செலவைத் தனியாக எடுத்து வையுங்கள். பிள்ளைகளின் படிப்புப் பணத்தையும், மனைவியின் நகையையும், குடியிருக்கும் வீட்டையும் தொழிலில் சேர்க்காதீர்கள். கணவனோ மனைவியோ, ஒருவருடைய சம்பளமாவது ஓடிக்கொண்டிருக்கட்டும்.

இத்தனையும் செய்த பிறகும் கணக்கு நேராக வந்தால், தைரியமாக இறங்கலாம். வராவிட்டால், மாதச் சம்பளம் வாங்குவதில் கேவலம் ஒன்றும் இல்லை. பிறருடைய உடம்பு வலியைப் போக்கக் கடை வைப்பவர், தன் வீட்டுக்குத் தலைவலியைக் கொண்டு வரக் கூடாது!