பள்ளிக்கூட வாசலில் பட்டாளம்

பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து, 45 நாள் முகாமில் வைத்துப் பயிற்றுவிக்கும் தேசிய சேவைத் திட்டம் மூன்றாம் முறையாக உயிர் பெற்றிருக்கிறது. 2003இல் சட்டம் செய்தார்கள். 2004இல் முதல் அணியை அனுப்பினார்கள். 2015இல் 400 மில்லியன் வெள்ளி மிச்சமாகும் என்று நிறுத்தினார்கள். 2016இல் மீண்டும் தொடங்கினார்கள். 2018 ஆகஸ்டில் வேண்டவே வேண்டாம் என்று மூடினார்கள். 2025இல் மறுபடியும் திறந்திருக்கிறார்கள். திட்டத்தை மூடினார்களே ஒழியச் சட்டத்தை எடுத்துவிடவில்லை. உறையில் கிடந்த கத்தியை உருவ எத்தனை நேரம் ஆகும்?

முன்னே மூன்று மாதம்; பல முகாம்கள் தனியார் குத்தகையில் நடந்தன. இப்போது ஒன்றரை மாதம். நடப்பது ராணுவ முகாமிலேயே. நூற்றுக்கு எழுபது பங்கு அடிப்படை ராணுவப் பயிற்சி, மீதி முப்பது பங்கு நாட்டுணர்வுப் பாடம். முகாமோடு நில்லாமல், இடைநிலைப்பள்ளிகளின் புறப்பாட நடவடிக்கைகளிலும் உயர்கல்விக் கூடங்களிலும் இதன் கிளைகள் நுழையும் என்றும் தற்காப்பு அமைச்சு கூறியிருக்கிறது. ஆகவே இது பள்ளிக்கூடத்து விஷயம். பள்ளிக்கூடத்து விஷயமானால் அது தொழிலாளி வீட்டு விஷயம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். நாம் பட்டாளத்துக்கு விரோதிகள் அல்லர். நம் பேராக் மாநிலத்து லுமுட்டில்தான் நாட்டின் கடற்படைத் தளம் இருக்கிறது. அங்கே நம் பிள்ளைகள் உடுப்பணிந்து, அதிகாரிகளாகவும் உயர்ந்தால் நமக்குப் பெருமையே. இந்திய வாலிபர்கள் ஆயுதப் படையில் சேர முன்வருவதில்லை என்று மேடைதோறும் குறை பேசுகிறார்கள். வளர்ந்த பிள்ளை, தானே யோசித்து, சம்பளமும் பதவி உயர்வும் இன்னதென்று தெரிந்து சேர்வானானால் வாழ்த்தி அனுப்புவோம். பள்ளிச் சட்டையைக் கழற்றாத பிள்ளையிடம் போய்ப் பேசுவது வேறு சமாசாரம். அதைப் பற்றித்தான் இந்தத் தலையங்கம்.

ஆள் எடுக்க வருகிறவனைத் தோட்டத்துச் சனம் அறியாததா? நம் பாட்டன்மாரைக் கங்காணி வந்து கட்டினான். தேங்காய்க்கும் மாசிக்கும் பஞ்சமில்லாத சீமை என்று அவன் சொன்ன கதையை நம்பிக் கப்பலேறினார்கள். 1938இல் இந்திய சர்க்கார் தடை போட்ட பிறகுதான் அந்த ஆள் கட்டும் தொழில் ஓய்ந்தது. ஜப்பான்காரன் காலத்தில் இன்னொரு ஆள் பிடிப்பு. சயாமுக்கு ரயில் பாதை போட, மூன்று மாத வேலை, நல்ல கூலி என்று முதலில் ஆசை காட்டினான். ஆசைக்கு மயங்காதவர்களை லாரியில் ஏற்றினான். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்த அந்த 415 கிலோமீட்டர்ப் பாதையில் செத்து மடிந்த தமிழர்களுக்கு முறையான கணக்கு எழுதியவர் எவருமில்லை.

அதே 1943இல்தான் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்தார். இந்திய தேசிய ராணுவத்தில் பால்மரக் காட்டுத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். ஜான்சி ராணிப் படையில் நம் பெண்கள் துப்பாக்கி பிடித்தார்கள். துரையின் முன்னால் தலைநிமிர்ந்து நிற்க அந்த உடுப்பு கற்றுக்கொடுத்தது. யுத்தம் முடிந்தபின் தோட்டங்களில் சங்கம் முளைத்ததற்கு அந்த நிமிர்வும் ஒரு காரணம். அதை மறக்க நாம் நன்றி கெட்டவர்கள் அல்லர். ஆனாலும் சிறுவர் சிறுமியரைச் சேர்த்து நடத்திய பாலசேனையை எண்ணும்போது இன்றைக்கு மனம் கேட்கவே செய்கிறது: பெரியவர்கள் தம் உயிரைப் பணயம் வைப்பது அவர்கள் உரிமை, பிள்ளைகளைப் பணயம் வைக்க யாருக்கு உரிமை?

ஈழத்திலே இந்தக் கேள்விக்கு விடை ரத்தத்தில் எழுதப்பட்டது. விடுதலைப் புலிகள் பள்ளிக்கூடங்களுக்குச் சென்று பிரசாரம் செய்து மாணவர்களைத் தம் படையில் சேர்த்தார்கள். பிற்காலத்தில் வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று கேட்டு வாங்கினார்கள். தாய்மார் பிள்ளைகளை ஒளித்து வைத்தார்கள். நம்மவர் செய்தது என்பதற்காக இதைச் சொல்லாமல் விட முடியாது. இங்கே நடக்கும் 45 நாள் பயிற்சியை அதனோடு ஒப்பிடவும் இல்லை, இங்கே யுத்தமில்லை. எல்லைக்கோடு எங்கே என்று காட்டுவதற்காகவே சொன்னோம்.

கட்டாயச் சேவைக்கு எதிர்ப்பு இந்தப் பக்கத்திலும் புதிதல்ல. 1954 மே 13இல் சிங்கப்பூர்ச் சீனப் பள்ளி மாணவர்கள் தேசிய சேவைப் பதிவை எதிர்த்து ஊர்வலம் போய்ப் போலீசாரிடம் அடிபட்டார்கள். ஓட்டும் பிரஜா உரிமையும் கொடுக்காத காலனி சர்க்கார், துப்பாக்கியை மட்டும் கொடுக்க வந்ததே என்பது அவர்கள் ஆத்திரம். இன்று நாடு நம்முடையது. அந்த வாதத்தை அப்படியே எடுத்தாள முடியாது. ஆயினும் உரிமையையும் கடமையையும் ஒரே தராசில் நிறுக்க வேண்டும் என்று கேட்பதில் தவறென்ன? நம் நாட்டு அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடுக்கிறது. அதே பிரிவு, தேச காரியங்களுக்காகக் கட்டாயச் சேவையை நாடாளுமன்றம் சட்டம் போட்டு ஏற்படுத்தலாம் என்றும் விலக்குத் தருகிறது. சட்டம் இடங்கொடுக்கிறது என்பதனாலேயே எல்லாம் நியாயமாகிவிடாது. தோட்டத் துரைமார் செய்ததற்கும் ஒரு காலத்தில் சட்டம் இருந்தது.

இனி வயிற்றுப்பாட்டுக்கு வருவோம். 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி அழைப்புக்குப் போகாதவருக்கு 3,000 வெள்ளி வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பழைய திட்டம் நடந்த காலத்தில் லாரி உதவியாளாக வேலை செய்த ஏழை வாலிபன் ஒருவன், குடும்பத்தைக் காக்க வேலைக்குப் போனதால் முகாமுக்குப் போகாமல், அபராதம் கட்டக் காசில்லாமல் சிறைக்குப் போனான். அவன் மலாய்ப் பிள்ளை. வறுமைக்கு இனமில்லை என்று நாம் சொல்லி வருவதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

தோட்டம் துண்டாடப்பட்டு, லயத்தை விட்டு வெளியேறி, புந்தோங்கிலும் சுங்கை சிப்புட்டிலும் வாடகை வீடுகளில் குடியேறிய நம் குடும்பங்களில், எஸ்.பி.எம். எழுதிய பையன் மறுவாரமே தொழிற்சாலைக்கோ கடைக்கோ போகிறான். 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆயிற்று. ஒன்றரை மாதத்துக்குக் கணக்குப் பாருங்கள்: 2,550 வெள்ளி. பயிற்சிப் படி என்று எதைக் கொடுத்தாலும், அப்பன் முதுகு வலியோடு செம்பனைக் குலை தூக்கும் வீட்டில் இந்தப் பள்ளத்தை யார் நிரப்புவது? வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு 45 நாள் என்பது விடுமுறையில் ஒரு பகுதி. நம் வீட்டுப் பிள்ளைக்கு அது வாடகைப் பணம்.

காலையில் ஆள் கணக்கு எடுப்பதைப் பெரட்டு என்று தோட்டத்தில் சொல்வோம். அந்தச் சொல்லே பட்டாளத்து வார்த்தையிலிருந்து வந்தது. விடியுமுன் வரிசையில் நின்று, பேர் கூப்பிட்டால் குரல் கொடுக்கும் ஒழுங்கு நம் சனத்துக்கு மூன்று தலைமுறையாகப் பழக்கம். ஒழுங்கு இல்லாததால்தான் பிள்ளைகள் கெட்டுப் போகிறார்கள், பட்டாளம் திருத்தும் என்று பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். குண்டர் கும்பலை நோக்கிப் பையனைத் தள்ளுவது வேலையில்லாமையும் இருக்க இடமில்லாமையும். 45 நாள் கவாத்து அதற்கு மருந்தாகாது.

உலகத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் 182ஆம் ஒப்பந்தம், பதினெட்டு வயதுக்குட்பட்டவரை யுத்தத்துக்குக் கட்டாயமாகச் சேர்ப்பதை மிக மோசமான குழந்தை உழைப்பு வகைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. மலேசியா அதில் 2000இல் கையெழுத்திட்டது. சிறுவரைப் போரில் ஈடுபடுத்துவது பற்றிய ஐ.நா. துணை ஒப்பந்தத்திலும் 2012இல் சேர்ந்தது. பயிற்சி வேறு, யுத்தம் வேறு என்று அமைச்சு பதில் சொல்லும். அது சரியான பதிலே. ஆனால் பயிற்சி முகாமில் ஆள் சேர்ப்பு மேசை போடமாட்டோம், பள்ளியிலிருந்து மாணவர் பெயர்ப் பட்டியல் ராணுவத்துக்குப் போகாது என்று எழுத்தில் கொடுக்கத் தடையென்ன? அமெரிக்காவில் 2001ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பள்ளிகளை அந்தப் பட்டியலைக் கொடுக்க வைத்தது. பெற்றோர் எழுதிக் கொடுத்தால்தான் பிள்ளையின் பெயர் நீங்கும். அந்த வழக்கம் இங்கே வேண்டாம்.

ஆகவே நாம் கேட்பது இது. பதினெட்டு நிரம்பாத எவரையும் பெற்றோரின் கையெழுத்தில்லாமல் அழைக்கக் கூடாது. கையெழுத்துக் கேட்கும் தாள் தமிழிலும் இருக்க வேண்டும். முகாமுக்குப் போகுமுன் முழு வைத்தியப் பரிசோதனை வேண்டும். முந்திய திட்டத்தில் பயிற்சிக் காலத்தில் பிள்ளைகள் சிலர் இறந்தார்கள் என்பதை அமைச்சும் அறியும். சம்பாதிக்கிற பிள்ளையை அழைத்தால் அந்தச் சம்பளத்தைச் சர்க்கார் ஈடு செய்ய வேண்டும். திரும்பி வரும்போது வேலை அவனுக்காகக் காத்திருக்க வேண்டும். வராதவனைக் கோர்ட்டுக்கு இழுக்குமுன், ஏன் வரவில்லை என்று வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

பெற்றோர்களே, அழைப்புக் கடிதம் வந்தால் அலமாரியில் செருகி வைத்துவிடாதீர்கள். படிக்கத் தெரியாவிட்டால் கிளைச் செயலாளரிடமோ பள்ளித் தலைமை ஆசிரியரிடமோ அன்றைக்கே கொண்டுபோய்க் காட்டுங்கள். ஒத்திவைக்கவும் விலக்குக் கேட்கவும் மனுப் போட வழியுண்டு. தேதி தாண்டினால் அந்த வழி அடைபடும். ஆஸ்துமா, வலிப்பு, இருதயக் கோளாறு உள்ள பிள்ளையானால் சர்க்கார் ஆஸ்பத்திரிச் சான்றை மனுவோடு இணையுங்கள். பிள்ளையின் சம்பளச் சீட்டுகளையும் பத்திரப்படுத்தி வையுங்கள்.