ஆடுகிற கல்லறையைப் பார்த்துச் சிரிக்கிறவர்களுக்கு

உலகத்திலேயே மிக மோசமான படம் என்று பட்டம் வாங்கிய ஒன்றை யாராவது தேடிப்போய்ப் பார்ப்பார்களா? பார்க்கிறார்கள். அறுபது வருடங்களுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ‘பிளான் 9 ஃப்ரொம் அவுட்டர் ஸ்பேஸ்’ என்பது அதன் பெயர். எட் வுட் என்ற அமெரிக்கர் 1956இல் எடுத்தது, தியேட்டர்களுக்குப் பரவலாக வந்தது 1959இல். கல்வியியற் கல்லூரி விடுதியில் ஒரு லெப்டொப்பைச் சுற்றிப் பத்துப் பேர் நெருங்கி உட்கார்ந்து நாங்களும் பார்த்திருக்கிறோம்.

இது நீளமான பதிவு. நேரம் உள்ளவர்கள் வாசியுங்கள். எதற்காக எழுதுகிறோம் என்பது பாதிக்குப் பிறகு வரும்.

அந்தப் படத்தின் கதை இவ்வளவுதான். மனிதர்கள் சூரிய ஒளியையே வெடிக்க வைக்கிற குண்டொன்றைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று வேற்றுக்கிரகவாசிகளுக்குப் பயம். அதைத் தடுப்பதற்காக மையவாடியிலிருந்து இறந்தவர்களை எழுப்புகிறார்கள். இவ்வளவு பெரிய திட்டத்தில் மொத்தம் எழும்புவது மூன்றே மூன்று பேர்! ஆள் பட்டால் கல்லறைக் கற்கள் ஆடுகின்றன. கார் பகலில் புறப்பட்டு அதே துரத்தலில் இரவில் வந்து சேர்கிறது. விமானிகளின் அறை என்று காட்டப்படுவதன் பின்னால் ஒரு திரைச்சீலை தொங்குகிறது. பொலிஸ்காரர் ஒருவர் கைத்துப்பாக்கியாலேயே தலையைச் சொறிந்துகொள்கிறார்.

பணம் போட்டவர்கள் ஒரு பப்டிஸ்ட் தேவாலயத்தைச் சேர்ந்தவர்கள். படத்தின் முதல் பெயரில் கல்லறைத் திருடர்கள் என்று இருந்ததால் அவர்களுக்குப் பிடிக்கவில்லை, பெயர் மாறியது. அவர்களைத் திருப்திப்படுத்துவதற்காக நடித்தவர்களில் சிலர் ஞானஸ்நானமும் பெற்றுக்கொண்டார்களாம். ஒரு படத்துக்காக!

ஆனால் அந்தப் படத்தில் எங்களைச் சிரிக்க விடாத ஒரு விடயமும் இருக்கிறது. பேலா லுகோசி. 1931இல் ட்ராகுலாவாக நடித்து உலகப் புகழ் பெற்றவர். கடைசிக் காலத்தில் போதைப்பழக்கத்தோடு போராடி, வேலையில்லாமல் இருந்தவரை வைத்துப் படம் எடுத்தவர் எட் வுட். 1956 ஓகஸ்ட்டில் லுகோசி இறந்துபோனார். அவரை வைத்து எடுத்த சில நிமிடக் காட்சிகள்தான் கையில் இருந்தன. அந்தத் துண்டை வைத்து ஒரு முழுப் படத்தைக் கட்டினார் வுட். மீதிக் காட்சிகளுக்கு, தன் மனைவிக்கு வைத்தியம் பார்த்த ஒருவரை, லுகோசியை விட உயரமான ஒருவரை, அங்கியால் முகத்தை மூடிக்கொண்டு நடக்க வைத்தார். பார்க்கிற எவரும் ஏமாறவில்லை. இறந்துபோன சிநேகிதனைத் திரையில் இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருக்க நினைத்த ஒரு மனிதனின் அவசரம் அந்தக் காட்சிகளில் தெரிகிறது. கோடிக்கணக்கில் செலவழித்த படங்களில் அதை நாங்கள் அதிகம் கண்டதில்லை.

1980இல் ஒரு புத்தகம் எட் வுட்டுக்கு ‘எக்காலத்திலும் மோசமான இயக்குநர்’ என்ற பட்டத்தைக் கொடுத்தது. அந்தக் கேலிதான் அவரைப் பிரபலமாக்கியது. அவரோ 1978 டிசம்பரிலேயே வறுமையில் இறந்துவிட்டார். 1994இல் அவருடைய வாழ்க்கையை டிம் பேர்ட்டன் படமாக்கினார். லுகோசியாக நடித்தவருக்கு ஒஸ்கார் கிடைத்தது. மேக்கப்புக்கும் ஒஸ்கார். செலவு 1 கோடி 80 இலட்சம் டொலர், வசூல் அந்தச் செலவைக்கூட எட்டவில்லை. நட்டத்திலும் வுட்டின் பெயரைக் காப்பாற்றிய படம் என்று சொல்ல வேண்டும்.

இன்னொன்று, 1953இல் வந்த ‘ரொபோட் மொன்ஸ்டர்’. பூமியை அழிக்க வந்த ரொபோவுக்கு உடுப்புச் செய்யக் காசு இல்லை. ஒரு நடிகரிடம் சொந்தமாக கொரில்லா உடுப்பு இருந்தது. அவரைக் கூப்பிட்டு, தலையில் சுழியோடிகளின் கவசம் மாதிரி ஒன்றை வைத்து, அதில் அன்டனா பூட்டி, நாலு நாளில் எடுத்து முடித்தார்கள். சவர்க்காரக் குமிழி விடுகிற மெஷினுக்குப் படத்தின் பெயர்ப்பட்டியலில் நன்றி போட்டிருக்கிறார்கள். இதற்கு இசை அமைத்த இளைஞர் எல்மர் பெர்ன்ஸ்டைன். ‘த மெக்னிஃபிசன்ட் செவன்’ படத்தின் இசையைக் கேட்டவர்களுக்கு அவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. கொரில்லாப் படத்துக்கும் அவர் முழு மனதோடுதான் இசை போட்டிருக்கிறார்.

இனி மறுபக்கம். இந்தப் படங்களை விரும்புகிறவர்கள் சிலர், ஏழையின் படம் என்பதால் அதைக் குறை சொல்லவே கூடாது என்கிறார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. பிளான் 9 உண்மையில் எங்கே தோற்கிறது? கல்லறை ஆடுகிற இடத்தில் இல்லை. வேற்றுக்கிரகவாசி நின்றுகொண்டு நிமிடக்கணக்காகப் பிரசங்கம் செய்கிற இடத்தில் தோற்கிறது. முன்பு சொன்னதையே மறுபடி சொல்கிற வசனத்தில் தோற்கிறது. இந்த வகைப் படங்களில் பாதிக்கு மேல் இதுதான் நோய். நேரத்தை நிரப்ப யாரோ எடுத்த இராணுவக் காட்சிகளை வெட்டி ஒட்டுவார்கள். ஆட்கள் கதவைத் திறந்து, நடந்து, கதவைச் சாத்துவார்கள். பெண் பாத்திரத்துக்கு இரண்டே வேலை: கோப்பி கொண்டுவருவது, பிறகு அலறுவது. இவற்றில் எதையும் பட்ஜெட் தலையில் போட முடியாது. கொப்பியும் பேனையும் ஹொலிவூட் ஸ்டூடியோவுக்கும் எட் வுட்டுக்கும் ஒரே விலைதான். இரண்டாம் தடவை எழுதிப் பார்ப்பதற்குச் சல்லிக்காசு செலவில்லை.

வேண்டுமென்றே மோசமாக எடுக்கிற படங்களும் இப்போது வருகின்றன. சூறாவளிக்குள் சுறாமீன் பறக்கிற ‘ஷார்க்நேடோ’ 2013இல் தொடங்கி ஆறு பாகம் வந்தது. முதல் பத்து நிமிடம் சிரிப்பு வருகிறது, பிறகு அலுப்பு. தோற்கப் பயந்தவர்கள் முன்கூட்டியே கண்ணடித்துக் காட்டுகிற படங்கள் அவை.

காசில்லாமையையே பலமாக்கிய ஒரு படத்தைச் சொல்கிறோம். ஜோர்ஜ் ரொமேரோவும் நண்பர்களும் பிட்ஸ்பர்க் பக்கத்தில் எடுத்து 1968இல் வெளியிட்ட ‘நைட் ஒஃப் த லிவிங் டெட்’. செலவு சுமார் 1 இலட்சத்து 14 ஆயிரம் டொலர். இன்று வருகிற சொம்பிப் படங்கள் எல்லாவற்றுக்கும் மூத்த படம் அது. ஆனால் அதில் சொம்பி என்ற சொல்லே கிடையாது. ‘கூல்’ என்றுதான் சொல்கிறார்கள். அது அரபுச் சொல், கைன் எழுத்தில் தொடங்குகிற அதே கூல். பாலைவனத்தில் வழிப்போக்கரைப் பிடித்துத் தின்னும் என்று பழைய அரபுக் கதைகளில் வருகிற பிசாசு. அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போய், பென்சில்வேனியாவின் ஒரு பண்ணைவீட்டு வாசலுக்கு வந்திருக்கிறது.

பல இடங்களைக் காட்டக் காசில்லை, ஆகவே கதையை ஒரே வீட்டுக்குள் பூட்டினார்கள். யன்னல்களுக்குப் பலகை அடிக்கிற சத்தமே பயத்தைக் கூட்டுகிறது. நாடு முழுக்க நடக்கிற அழிவை எடுக்க முடியாது, ஆகவே ரேடியோச் செய்தியிலும் டிவியிலும் கேட்க வைத்தார்கள். கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் இரத்தத்துக்கு சொக்லட் பாணி போதுமாக இருந்தது. தயாரித்தவர்களே நடித்து, மேக்கப்பும் போட்டார்கள்.

கதாநாயகன் டுவேன் ஜோன்ஸ் ஒரு கறுப்பின நடிகர். பின்னாளில் பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பித்தவர், எங்கள் தொழில்காரர். அந்தப் பாத்திரம் கறுப்பினத்தவருக்கென்று எழுதப்படவில்லை, அவர்தான் நன்றாக நடித்துக் காட்டினார் என்று ரொமேரோ சொல்லியிருக்கிறார். படம் வந்த அதே வருடம் ஏப்ரலில்தான் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். படத்தில் அந்த ஒரு மனிதன் இரவு முழுக்கத் தப்பிப் பிழைத்து, காலையில் காப்பாற்ற வந்த துப்பாக்கிக்காரர்களால் பிசாசு என்று நினைத்துச் சுடப்படுகிறான். அதன் பிறகு அசையாத புகைப்படங்களாக வருகிற காட்சிகளுக்கு எவ்வளவு செலவாகியிருக்கும்? ஒன்றுமே ஆகியிருக்காது. பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

2004இல் ஷேன் கரூத் என்ற பழைய பொறியியலாளர் 7,000 டொலரில் ‘ப்ரைமர்’ என்ற காலப்பயணப் படத்தை எடுத்தார். காலயந்திரம் வீட்டு கராஜில் இருக்கிற ஒரு பெட்டி. அந்தப் படம் சண்டான்ஸ் விழாவின் பெரிய பரிசை வாங்கியது. இரண்டு தடவை பார்த்தும் எங்களுக்கு முழுதாக விளங்கவில்லை, அது வேறு கதை.

‘விட்டலாச்சாரியா படம் மாதிரி’ என்று நம்பமுடியாத எதையும் நக்கலடிக்கிற பழக்கம் எங்கள் பெரியவர்களிடம் உண்டு. ஆனால் ‘ஜெகன்மோகினி’யில் (1978) பேய் தன் காலையே அடுப்பில் விறகாக வைத்து எரிக்கிற காட்சியைச் சின்ன வயதில் பார்த்த எவரும் இன்றுவரை மறக்கவில்லை. அது காசுக்கு வாங்கிய காட்சி இல்லை, ஒரு தலைக்குள் வந்த யோசனை.

எங்களுக்கு மிக நெருக்கமான உதாரணம் மாலேகான். மகாராஷ்டிரத்தில் விசைத்தறி ஓடுகிற ஊர், முஸ்லிம்கள் பெரும்பான்மை. 2006இல் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த நேரம் குண்டு வெடித்தது, 2008இலும் வெடித்தது. வெளியில் உள்ளவர்களுக்கு அந்த ஊர்ப் பெயர் கேட்டால் குண்டுதான் ஞாபகம் வரும். அதே ஊரில் வீடியோப் படம் ஓட்டிக்கொண்டிருந்த நாசிர் ஷேக் என்பவர் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு ‘ஷோலே’யை ஊர்ப்பாணியில் எடுத்தார். சுமார் 50,000 இந்திய ரூபாய். குதிரைக்குப் பதிலாகக் கொள்ளைக்காரர்களுக்குச் சைக்கிள். அடுத்து சுப்பர்மேன்! சுப்பர்மேனாக நடித்தவர் ஷஃபீக் என்ற, காற்றடித்தால் பறந்துவிடுவார் போலிருந்த ஒரு தறித் தொழிலாளி. பச்சைத் துணிக்கு முன்னால் வைத்து அவரைப் பறக்க வைத்தார்கள். ஊரின் குப்பையும் புகையிலையும்தான் வில்லன் பக்கம். இந்த முயற்சியைப் பற்றி ஃபைஸா அஹ்மத் கான் 2008இல் எடுத்த ஆவணப்படம் உலகத்தைச் சுற்றியது. ஷஃபீக் பின்னர் புற்றுநோயில் காலமானார். போன வருடங்களில் வந்த ‘சுப்பர்போய்ஸ் ஒஃப் மாலேகான்’ இவர்கள் கதைதான்.

இனி, இதை ஏன் எழுதுகிறோம் என்பது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நாலு பேர் லீவுக் காலத்தில் போனில் எடுத்த பதினொரு நிமிடப் படம் முகநூலில் இரண்டு நாள்தான் இருந்தது. வயலில் வேற்றுக்கிரகவாசி இறங்குகிற கதை. ரெஜிபோம் தலை, வெள்ளித்தாள் சட்டை, பழைய டிஷ் அன்டனாவில் செய்த வாகனம். ஊர்க் குரூப்களில் அது எப்படிப் பகிரப்பட்டது, என்னென்ன கொமென்ட் விழுந்தது என்று எல்லோருக்கும் தெரியும். பெரியவர்கள் எழுதியவை. ‘இதுக்கு டியூஷனுக்குப் போயிருக்கலாம்’ என்பது அவற்றில் மரியாதையானது. பிள்ளைகள் படத்தை எடுத்துவிட்டார்கள்.

படம் என்றாலே வேண்டாம் என்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு வாதாட இதை எழுதவில்லை, அவர்கள் கொமென்ட் போடவும் இல்லை. இரவு இரண்டு மணிவரை நூறு கோடிப் படங்களைப் பார்த்துவிட்டுக் காலையில் பிள்ளைகளின் ரெஜிபோம் தலையைப் பார்த்துச் சிரிக்கிறவர்களோடுதான் எங்கள் பேச்சு.

அந்தப் படத்தின் முதல் இரண்டு நிமிடத்தை யாராவது கவனித்தீர்களா? இரவு, வயல், தூரத்தில் நாய்கள் குரைக்கின்றன. திடீரென்று எல்லா நாயும் ஒன்றாக நிறுத்துகின்றன. அவ்வளவுதான், எதுவும் காட்டப்படவில்லை. நாங்கள் பார்த்தபோது முதுகில் குளிர்ந்தது. கடைசி நாலு நிமிடம் நல்லாயில்லை. வேற்றுக்கிரகவாசி நின்று எல்லாவற்றையும் விளக்குகிறது, எட் வுட் செய்த அதே பிழை. தங்கச்சி பாத்திரம் தேத்தண்ணி கொண்டுவந்து அலறுகிறது, அதுவும் அதே பிழை. வயல் காற்று மைக்கில் அடித்துப் பாதி வசனம் கேட்கவில்லை. இவ்வளவையும் அந்தப் பிள்ளைகளிடம் நேரே சொன்னோம். முகம் வாடவில்லை, கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். தலையை மாற்றட்டுமா என்று ஒருவன் கேட்டான். தலை இருக்கட்டும், வசனத்தை வெட்டு என்றோம்.

திரும்பப் போடுவார்கள். அப்போது கொமென்ட் எழுதுகிறவர்கள் தலையை விட்டுவிட்டு, எந்த நிமிடத்தில் அலுத்தது என்று எழுதுங்கள். அவர்களுக்கு அது உதவும்.

இதை வாசித்துவிட்டு யாருக்காவது ஒன்று பார்க்க வேண்டும் போலிருந்தால் ரொமேரோவின் படத்திலிருந்து தொடங்கலாம். பெயரை மாற்றியபோது காப்புரிமைக் குறிப்பைப் போட மறந்துபோனதால் அமெரிக்காவில் அது பொதுச்சொத்தாகிவிட்டது, இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. ரொமேரோவுக்கு அதனால் வரவேண்டிய பணம் வராமல் போனது. சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மட்டும் பார்க்காதீர்கள். 1968இல் அது வந்தபோது அமெரிக்காவில் வயதுத் தரப்படுத்தல் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. பகல் காட்சிக்குத் தனியாக வந்த சிறுபிள்ளைகள் பாதியில் சத்தம் அடங்கி, சிலர் அழுதுகொண்டு இருந்ததை விமர்சகர் ரொஜர் ஈபர்ட் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். தரம் பத்துக்குக் கீழே வேண்டாம்.