தூக்க முடியாத 'போர்ட்டபிள்'

பணி ஓய்வுக்குப் பிறகு நாலு பழைய பாட்டு வாசிக்கலாமே என்று அரேஞ்சர் கீபோர்டு வாங்க நினைக்கும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர்களுக்கு யோசனை சொல்லும் பிள்ளைகளும் மருமகன்களும் கடைக்காரர்களும் படித்தால் இன்னும் நல்லது.

நான் படித்த பிரெஞ்சில் 'போர்த்தே' என்றால் சுமப்பது. உடை உடுத்துவதற்கும் அதே சொல்தான். 'போர்த்தாபிள்' என்பது அங்கிருந்து வந்தது. ஆனால் கடையில் கால் இல்லாத கீபோர்டு எல்லாமே 'போர்ட்டபிள்'. யார் சுமப்பது என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

கிலோ கணக்கை உலகுக்குக் கொடுத்தவர்களும் பிரெஞ்சுக்காரர்களே. அந்தக் கணக்கிலேயே பார்ப்போம். காசியோ சி.டி-எஸ்300 என்பது 3.3 கிலோ. யமஹா பி.எஸ்.ஆர்-இ373 என்பது 4.6 கிலோ. அதே யமஹாவின் பி.எஸ்.ஆர்-எஸ்.எக்ஸ்900 என்பது 11.5 கிலோ, ஜெனோஸ் 13 கிலோ. பை, ஸ்டாண்டு, அடாப்டர் தனி. பத்து கிலோ அரிசிச் சிப்பத்தைத் தூக்கவே மளிகைக் கடைப் பையனைக் கூப்பிடுகிற வயது நமக்கு.

"வாங்குவதே வாங்குகிறீர்கள், பெரியதாகவே வாங்குங்கள்" என்பார்கள். அந்தப் பெரியது மூன்று மாதத்தில் பீரோவின் மேலே ஏறிவிடும். நமக்கு வாசிக்க ஆசை வருவது மாலை நாலு மணிக்கு. இறக்கிக் கொடுக்கும் பேரன் வீடு திரும்புவது இரவு எட்டு மணிக்கு. இன்னொருவர் தயவில் இறங்க வேண்டிய வாத்தியம் மெல்ல மெல்ல இறங்காமலே போய்விடும். காசு போனால் போகட்டும். எழுபது வயதில் துளிர்த்த ஆசை பட்டுப்போவதுதான் நஷ்டம்.

சின்னதில் கட்டை குறைவு என்பது பொய். நான் சொன்ன காசியோவிலும் 61 கட்டைகள், 11.5 கிலோ யமஹாவிலும் அதே 61. அதாவது ஐந்து ஆக்டேவ். நம் சினிமாப் பாட்டு ஒன்று இரண்டு ஆக்டேவைத் தாண்டுவதே அபூர்வம். இடது கை கார்டைப் பிடித்தால் தாளமும் பேஸும் தானாக வந்துவிடும். வெள்ளைக் கட்டை ஒன்று சுமார் 23.5 மில்லிமீட்டர் அகலம். 36 வெள்ளைக் கட்டைக்கு 85 சென்டிமீட்டர். அந்தக் காசியோவின் மொத்த நீளமே 93 சென்டிமீட்டர்தான். இதற்கு மேல் சுருக்க வேண்டுமானால் கட்டையைத்தான் சுருக்க வேண்டும். அந்தப் பொடிக் கட்டைகள் குழந்தைகளுக்குச் சரி, மூட்டு தடித்த விரல்களுக்கு ஆகாது.

சின்னதில் ஸ்பீக்கர் சன்னம்தான், மறுக்கவில்லை. பெரியதின் எடையில் நல்ல பங்கு ஸ்பீக்கருக்கும் அதைத் தாங்கும் பெட்டிக்கும் போகிறது. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் ஸ்பீக்கரில் ஒரு ஒயரைச் சொருகினால் அந்தக் குறை தீர்ந்தது. சின்னது ஆறு பேட்டரியிலும் ஓடும். கரண்டு போனாலும் பாட்டு நிற்காது. மேடைக் கச்சேரிக்காரருக்குப் பெரியது தேவைதான். அவருக்கு வேனும் உண்டு, தூக்க ஆளும் உண்டு. நமக்கு காலாப்பட்டிலிருந்து டவுனுக்குப் போகும் பஸ்தான் உண்டு.

ஆர்மோனியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1840-களின் தொடக்கத்தில் பாரிசில் அலெக்சாந்தர் தெபேன் உருவாக்கியது காலால் மிதிக்கும் பெரிய பெட்டி. கல்கத்தாவின் துவாரகாநாத் கோஷ் அதன் மிதியை நீக்கி, துருத்தியைப் பின்பக்கம் வைத்து, தரையில் உட்கார்ந்து வாசிக்கும்படி ஆக்கினார். அதன் பிறகுதான் அது பஜனை மடத்துக்கும் நாடகக் கொட்டகைக்கும் ஊர் ஊராகப் போனது. ஒரு வாத்தியம் நம் மக்களிடம் வந்து சேர்ந்ததே எடை குறைந்ததால்தான்.

ஆகவே கடைக்குப் போனால் சத்தத்தைக் கேட்பதற்கு முன் ஸ்டாண்டிலிருந்து இறக்கச் சொல்லுங்கள். பையில் போட்டு, தோளில் மாட்டி, வாசல் வரை தனியாக நடந்து திரும்பி வாருங்கள். மூச்சு வாங்கினால், எத்தனை நூறு டோன் இருந்தாலும் அந்தக் கீபோர்டு உங்களுக்கானதல்ல. பக்கத்தில் நிற்கும் மருமகன் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். வீட்டில் அதைத் தினமும் தூக்கப் போவது அவரல்ல.