திருப்பூர் பனியனை உலகுக்குக் காட்டும் இணையதளம்: திறக்கத் தாமதமானால் என்ன நஷ்டம்?

துணி தரமா இருக்கு, விலையும் கட்டுப்படியாகுது. ஆனால் அதைக் காட்டும் இணையதளம் திறக்கப் பத்து நொடி எடுத்தால்? பார்க்க வந்தவர் அடுத்த கம்பெனியின் பக்கத்துக்குப் போய்விடுவார். அவர் வந்ததும் போனதும் உங்களுக்குத் தெரியக்கூட செய்யாது.

இப்போது ஏன் இது முக்கியம்?

திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி 2024-25-ல் 40,000 கோடி ரூபாயைத் தாண்டியது. இதில் பெரிய பங்கு அமெரிக்காவுக்குப் போவது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு அங்கே 50% வரி விதிக்கப்பட்டபோது, ஒரே சந்தையை நம்பியிருப்பதன் ஆபத்து புரிந்தது. அதற்கு ஒரு மாதம் முன்பு, ஜூலை 24-ல், பிரிட்டனுடன் வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது. புதிய நாடு என்றால் புதிய பையர். நேரில் வருவதற்கு முன் அவர் பார்ப்பது இணையதளத்தைத்தான். காதர்பேட்டை மொத்தக் கடைகளைத் தேடும் வெளியூர் வியாபாரிக்கும் இதே கதைதான். அவர் பார்ப்பது செல்போனில்.

வேகத்துக்கும் விற்பனைக்கும் என்ன தொடர்பு?

மூன்று நொடிக்குள் திறக்காத மொபைல் பக்கங்களை விட்டு 53% பேர் வெளியேறிவிடுகிறார்கள் என்று 2016-ல் கூகுள் சொன்னது. இத்தாலியில் வோடஃபோன் நிறுவனம் ஒரே பக்கத்தின் இரண்டு வடிவங்களை ஒப்பிட்டுப் பார்த்தது. தோற்றத்தில் வித்தியாசமே இல்லை. முக்கியப் பகுதி 31% வேகமாக வந்த வடிவத்தில் விற்பனை 8% கூடியது. நம்ம ஊரிலும் உதாரணம் உண்டு: ஆப் மட்டும் போதும் என்று மொபைல் தளத்தை மூடிய ஃபிளிப்கார்ட், 2015 நவம்பரில் 'ஃபிளிப்கார்ட் லைட்' என்ற இலகுவான தளத்துடன் திரும்பி வந்தது.

"எங்க ஆபீஸ்ல வேகமாத்தானே திறக்குது?"

அங்கேதான் ஏமாந்துபோகிறோம். தினமும் பார்க்கும் பக்கத்தின் படங்களை உங்கள் கம்ப்யூட்டர் ஏற்கெனவே சேமித்து வைத்திருக்கும். ஆபீஸில் ஃபைபர் இணைப்பும் இருக்கும். முதல்முறை வரும் பையருக்கு இந்த இரண்டும் இல்லாமல் போகலாம்.

தூரமும் சேர்ந்துகொள்ளும். சர்வர் மும்பையில், பையர் லண்டனில் என்றால் இடையே 7,000 கிலோமீட்டருக்கு மேல். பக்கம் வரத் தொடங்குவதற்குள்ளேயே தகவல் சில முறை போய்த் திரும்ப வேண்டும்.

தாமதத்துக்குப் பெரிய காரணம் எது?

பெரும்பாலும் போட்டோதான். கேமராவில் எடுத்த டி-ஷர்ட் படம் ஒன்றே 5 எம்பி இருக்கும். அப்படி இருபது படம் போட்டால் 100 எம்பி. அடுத்தது, தானாக ஓடும் வீடியோ, நகரும் பேனர், சாட் பெட்டி, யாரும் பயன்படுத்தாத பிளகின்கள்.

என்ன செய்யணும்?

* படத்தைத் திரையில் தெரியும் அளவுக்குச் சுருக்குங்கள். 'வெப்பி' வடிவில் சேமித்தால், அதே தரத்துள்ள ஜேபெக்கைவிட 25 முதல் 34% வரை சிறிதாகும்.
* கீழே இருக்கும் படங்கள், வாசகர் அங்கே வரும்போது மட்டும் இறங்கட்டும். இதற்குப் பெயர் 'லேசி லோடிங்'. முகப்பில் முதலில் தெரியும் படத்துக்கு மட்டும் இதைப் போடாதீர்கள். அது உடனே வர வேண்டும்.
* படத்தின் நீள அகலத்தை முன்கூட்டியே குறிப்பிடச் சொல்லுங்கள். இல்லையென்றால் படிக்கும்போது பக்கம் குதிக்கும்.
* பல நாடுகளில் நகல் வைத்து, பையருக்கு அருகிலிருந்து அனுப்பும் 'சிடிஎன்' சேவையைச் சேருங்கள். இலவசத் திட்டங்களும் உண்டு.
* தேவையில்லாத பிளகின்களை எடுத்துவிடுங்கள்.

சரியாகிவிட்டதா என்று எப்படித் தெரியும்?

கூகுளின் 'பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ்' பக்கத்தில் உங்கள் முகவரியைக் கொடுங்கள், கட்டணம் இல்லை. முக்கியப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும். பட்டனைத் தொட்டால் 200 மில்லி நொடிக்குள் பதில் வர வேண்டும். இவை கூகுள் வைத்திருக்கும் அளவுகோல்கள். தளம் செய்து கொடுப்பவருக்குப் பணம் தருவதற்கு முன்பே, மொபைலில் இந்த அளவு வர வேண்டும் என்று பேசிவிடுவது நல்லது.

வேகம் மட்டும் ஆர்டரைக் கொண்டு வராது. தரச் சான்றிதழ், விலை, சொன்ன தேதியில் டெலிவரி, இவைதான் வியாபாரத்தை முடிவு செய்யும். ஆனால் அதையெல்லாம் பையர் படிக்க வேண்டுமென்றால், முதலில் பக்கம் திறக்கணும்.