சாமி பார்த்துக்கும். சரி, தரையை யார் துடைக்கிறது?

பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் வயசான அம்மா அப்பா இருந்தால் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள்.

சமீபத்தில் ஒரு பிரதோஷம். நாங்கள் தொண்டு செய்யும் கோயிலில் நந்திக்கு அபிஷேகம் முடிந்து, பாலும் தண்ணியும் தரையில் ஓடிக்கிட்டிருந்தது. தீபாராதனை மணி அடிச்சதும், எழுபது வயசைத் தாண்டிய ஒரு அம்மா அவசரமா ரெண்டு அடி எடுத்து வச்சாங்க. வழுக்கி விழுந்துட்டாங்க. 995க்கு போன் பண்ணி, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தோம். இடுப்பு எலும்பு முறிஞ்சிருந்தது. அந்த வலியிலும் அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணு: "பூஜை முடிஞ்சிருச்சா தம்பி?"

அன்னிக்கு ராத்திரி தொண்டூழியர்கள் கூடிப் பேசினோம். ஒருத்தர், "விடுங்க, சாமி பார்த்துக்கும்" என்றார். எல்லாரும் தலையாட்டினோம். வீட்டுக்குப் போன பிறகுதான் வெட்கமா இருந்தது.

ஏன்னா, எங்களில் பலருக்குப் பகல் வேலை தொழிற்சாலையில். தரையில் ஒரு கரண்டி எண்ணெய் சிந்தினால் போதும். மெஷினை நிறுத்தி, சுத்திலும் தடுப்பு வச்சு, துடைச்சு முடிச்ச பிறகுதான் ஆளை உள்ளே விடுவோம். 2006இல் வந்த வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் அந்தப் பழக்கத்தை எங்களுக்குக் கொடுத்தது. அடி படாமல் தப்பிச்சாலும் எழுதி வைப்போம். அங்கே நடக்கிறவனுக்கு முப்பது வயசு, காலில் பாதுகாப்புக் காலணி. கோயிலில் நடக்கிற பாட்டிக்கு எழுபத்தைந்து வயசு, வெறுங்கால். யாருக்கு அதிக கவனம் வேணும்?

வீவக வீட்டில் 65 வயசானவங்க இருந்தால், 'ஈஸ்' திட்டத்தில் குளியலறைத் தரையை வழுக்காமல் செய்து, பிடிமானக் கம்பியும் போட்டுத் தர்றாங்க. சிங்கப்பூரர்களுக்குச் செலவில் 95 விழுக்காடு வரை அரசாங்கமே ஏத்துக்குது. வீட்டுத் தரைக்கு இவ்வளவு அக்கறை. சாமி வீட்டுத் தரைக்கு?

இன்னொரு விஷயம், சர்க்கரை. 2017 தேசிய தினப் பேரணியில் பிரதமர் லீ சியன் லூங் சொன்னது ஞாபகம் இருக்கா? 60 வயசைத் தாண்டிய இந்தியர்களில் 10 பேரில் 6 பேருக்கு நீரிழிவு. அதாவது நம்ம வரிசையில் நிக்கிற பெரியவங்களில் பாதிக்கு மேல். ரொம்ப நாள் சர்க்கரை இருந்தால் பாதம் மரத்துப் போகும். வெயிலில் சுட்ட தரை சுடுறது தெரியாது, சின்னக் கல் குத்தினதும் தெரியாது. வீட்டுக்குப் போய் ரெண்டு நாள் கழிச்சுப் பார்த்தால் புண். அதைக் கவனிக்காமல் விட்டுத்தான் விரலில் தொடங்கி காலையே இழக்கிறாங்க.

விரதமும் அப்படித்தான். காலையில் மாத்திரையைப் போட்டுட்டு, சாயந்திரம் வரை பட்டினியா வந்து நிக்கிறாங்க. வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு குழறும். நாம "அருள் வந்திருக்கு"ன்னு கும்பிட்டு நிக்கிறோம். அது சர்க்கரை இறங்கிப்போன அறிகுறியா இருக்கலாம். நினைவோடு இருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணி கொடுக்கணும். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊத்தக்கூடாது, 995க்கு அழைக்கணும்.

இதையெல்லாம் சொன்னால், "காலுறை போட்டால் ஆசாரம் கெடும், சந்நிதி முன்னாடி நாற்காலி போட்டால் மரியாதை இல்லை" என்கிறார்கள். ஐயா, கண்ணப்ப நாயனார் செருப்புக் காலோடு வந்தார். அந்தக் காலைத் தன் கண் மேலேயே ஏத்துக்கிட்டவர் சிவபெருமான். அவரா ஒரு பாட்டியோட காலுறையைப் பார்த்து முகம் சுளிப்பார்? அறுபத்து மூவர் வரிசையைப் பாருங்க. எல்லாரும் நிக்க, காரைக்கால் அம்மையார் மட்டும் உட்கார்ந்திருக்காங்க. இறைவனே "அம்மையே" என்று அழைச்சவங்களுக்கு உட்கார இடம் உண்டு. நம்ம அம்மாக்களுக்கு இல்லையா?

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அம்மாவை வாசலில் இறக்கி விட்டுட்டு தேக்காவில் சாமான் வாங்கப் போயிடுறீங்க. உங்களுக்கும் வேலை, களைப்பு, தெரியும். ஆனா கூட்டத்துக்குள்ள எங்க நாலு பேரால நானூறு பேரைப் பார்க்க முடியாது. கூடவே வாங்க. முடியலைன்னா, என்ன மருந்து சாப்பிடுறாங்க, யாருக்கு போன் பண்ணணும்னு ஒரு சீட்டு எழுதி கைப்பையில் வைங்க. ராத்திரி அவங்க பாதத்தைத் திருப்பிப் பாருங்க. வருஷம் ஒரு தடவை பலதுறை மருந்தகத்தில் பாதப் பரிசோதனைக்குக் கூட்டிட்டுப் போங்க. விரதம் இருக்கணும்னு அவங்க பிடிவாதம் பிடிச்சால், முதலில் டாக்டரிடம் கேளுங்க. பராமரிப்பு உதவி வேணும்னா ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பின் எண் 1800-650-6060.

நிர்வாகத்திடம் நாங்க கேட்கிறது பெரிய திருப்பணி இல்லை. அபிஷேகம் முடிஞ்சதும் தண்ணியை இழுத்துவிட ரப்பர் துடைப்பான், ரெண்டு ஆள். தரை காயும் வரை ஒரு கயிறு. படியோரம் கைப்பிடி. பத்து நாற்காலி. அடியில் ரப்பர் பிடிமானம் உள்ள காலுறைக்கு அனுமதி. வெறும் துணிக் காலுறை ஈரத்தில் இன்னும் வழுக்கும், அதனால்தான் குறிப்பாகச் சொல்றோம். கோபுரத்துக்கு வர்ணம் பூச நன்கொடை திரட்டத் தெரிஞ்ச நமக்கு இது முடியாதா?

அந்த அம்மா இப்போ வாக்கர் பிடிச்சு நடக்கிறாங்க. அடுத்த பிரதோஷத்துக்கு வரலாமான்னு கேட்டு அனுப்பியிருக்காங்க. "தைரியமா வாங்கம்மா"ன்னு இன்னும் எங்களால பதில் சொல்ல முடியலை. சொல்ல வைக்கிறது நம்ம எல்லார் கையிலும் இருக்கு.

உங்க கோயில் நிர்வாகத்துக்கும், வீட்டுப் பிள்ளைகளுக்கும் பகிருங்கள். ஓம் நமசிவாய 🙏