வெறுந்துவக்கும் லயத்துச் சுவரும்

"தோட்டா போடாமல் விசையை இழுத்துப் பழகலாமா மாமா?" என்று அக்கா மகன் கேட்டான். கொழும்பில் ஒரு கிளப்பில் .22 ரைபிள் பழகுகிறான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றது அந்த ரகத் துவக்கில்தான். அவனுடைய ஆசை எனக்குப் புரிகிறது. ஆனாலும் எந்தத் துவக்கு என்று பார்க்காமல் இழுக்காதே என்றேன்.

அப்பா திம்புள்ளையில் தோட்டத்துரை பங்களா காவல்காரர். துரையின் பழைய .22 ரைபிளைத் துடைத்து எண்ணெய் போடுவது அவர் வேலை. எனக்குப் பதினான்கு வயது. அவர் தேத்தண்ணி குடிக்கப் போகும் நேரமெல்லாம் நான் போல்ட்டை இழுத்து 'டிக், டிக்' என்று அடிப்பேன். சில மாதங்களில், சுட்ட கோது வெளியே வராமல் சிக்கத் தொடங்கியது. அப்பா என்னை ஜன்னலடிக்குக் கூட்டிப்போய் டோர்ச் அடித்துக் காட்டினார். தோட்டா உட்காரும் அறையின் வாய் விளிம்பில் கடுகளவு பள்ளம். நசுங்கிய இரும்பு உள்ளே பிதுங்கி நின்றது. ஈர்க்குச்சியை விட்டால் தட்டியது. அவர் என்னை அடிக்கவில்லை. துரையிடம் தன் கைத்தவறு என்று சொல்லிவிட்டார்.

.22 தோட்டாவில் தீப்பற்றும் மருந்து அடிப்பக்க விளிம்புக்குள் இருக்கிறது. அதனால் விசையை இழுத்ததும் பாயும் ஊசியும் விளிம்பில்தான் அடிக்கும். தோட்டா இல்லையென்றால் அந்த அடி குழலின் இரும்பில் விழலாம். நடுவில் அடிக்கும் பெரிய ரைபிள்களில் ஊசிக்கு முன்னால் வெற்றிடம்தான். 1964இல் வந்த ரூகர் 10/22 போன்றவற்றில் ஊசி இரும்பைத் தொடாமல் தடுப்பு உண்டு; வெறுமனே இழுக்கலாம் என்று அதைச் செய்தவர்களே எழுதியிருக்கிறார்கள். அப்படி எழுதாத துவக்கில், அதுவும் பழையதில், பயிற்சிக்கென்றே விற்கும் போலித் தோட்டாவைப் போட்டுத்தான் இழுக்க வேண்டும்.

இரும்பு கெட்டால் மாற்றலாம். எனக்கு அதைவிடப் பெரிய கவலை, பழகும் இடம். 'வெறுந்துவக்கு' என்று நம்பி இழுத்ததில் எத்தனை உயிர் போயிருக்கிறது! .22 ரவை சின்னதுதான், ஆனால் ஒரு மைல் தூரத்துக்கு மேலும் போகக்கூடியது. தோட்டாக்கள் வேறு அறையில் இருக்க வேண்டும், துவக்கில் தோட்டா உட்காரும் அறையைக் கண்ணால் பார்த்து விரலாலும் தடவ வேண்டும், குறி வைக்கும் பக்கம் மண்மேடு இருக்க வேண்டும். அவன் வீட்டுக்கு வந்து பழகினால், சுவரோடு சுவர் ஒட்டிய லயத்து வரிசை வீட்டில் இதில் எதற்கு இடம்? எங்கள் லயத்தில் நடுச்சுவர் கூரையைக்கூடத் தொடவில்லை.

தீபாவளிக்கு வரும்போது துவக்கு கிளப் அலுமாரியிலேயே இருக்கட்டும் என்று அவனிடம் சொல்லிவிட்டேன். நம் சுவருக்கு அந்தப் பக்கம்தான் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் தொட்டில் தொங்குகிறது.