கருவூலம் காலியாகும் என்ற பூச்சாண்டி

போலீஸ் வேலை பஸ் ஓட்டுவது போன்றதல்ல. அதில் நேரும் தவறுக்கெல்லாம் நஷ்டஈடு கேட்டு அரசின் மீது வழக்குப் போடலாம் என்றால் கருவூலம் தாங்காது, அதிகாரிகள் கையெழுத்துப் போடவே அஞ்சுவார்கள். அரசின் ‘இறையாண்மை விலக்குரிமை’யை, அதாவது ஆட்சிப் பணியில் நேரும் தவறுக்கு அரசு பொறுப்பல்ல என்ற விதியை, ஆதரித்துச் சென்ற இதழில் வந்த கட்டுரையின் சாரம் இதுதான். அதற்குச் சான்றாகக் கட்டுரையாளர் காட்டுவது கஸ்தூரிலால் வழக்கு. அந்த வழக்கை அவர் முழுதாகச் சொல்லவில்லை.

1947 செப்டம்பரில் அமிர்தசரஸ் நகை வியாபாரி ஒருவர் தங்கமும் வெள்ளியும் விற்க மீரட்டுக்குப் போனார். இரவில் கடைத்தெருவில் போலீசார் சந்தேகத்தின் பேரில் பிடித்தார்கள். பொருளைப் பறிமுதல் செய்து அவரை லாக்கப்பில் அடைத்தார்கள். வெள்ளி பின்னர் திரும்பி வந்தது. நூறு தோலாவுக்கு மேற்பட்ட தங்கம் வரவில்லை. ஸ்டேஷன் பொருளறையில் இருந்த அதை ஒரு தலைமைக் காவலர் சுருட்டிக்கொண்டு பாகிஸ்தானுக்கு ஓடிவிட்டார். விதிப்படி கருவூலத்தில் பூட்டி வைத்திருக்க வேண்டிய தங்கம் அது. போலீசாரின் அலட்சியத்தை உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. இருந்தும், கைதும் பறிமுதலும் இறையாண்மைப் பணி என்று சொல்லி 1964இல் அரசை விடுவித்தது. அதே தீர்ப்பில் தலைமை நீதிபதி கஜேந்திரகட்கர் இந்த நிலை திருப்தி தருவதல்ல, சட்டம் இயற்றிச் சரிசெய்ய வேண்டும் என்றும் எழுதினார். கட்டுரையாளர் இதை மறைத்துவிட்டார். தெரிந்தே செய்த வேலை இது.

அந்தத் தீர்ப்புக்கு இரண்டு ஆண்டு முன்னால், உதய்ப்பூரில் கலெக்டரின் ஜீப் மோதி இறந்தவரின் குடும்பத்துக்கு ராஜஸ்தான் அரசு ஈடு தர வேண்டும் என்று அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது. ஜீப் மோதினால் ஈடு உண்டு, ஸ்டேஷனில் வைத்த தங்கம் போனால் இல்லை. இந்த வேறுபாடு நியாயம் என்கிறார் கட்டுரையாளர். பஸ் சரியில்லையென்றால் அடுத்த பஸ்ஸில் ஏறலாம்; லாக்கப்பிலிருந்து எழுந்து போக முடியுமா? அரசின் பிடி எங்கே இறுக்கமோ அங்கேதான் குடிமகனுக்குக் காப்பு வேண்டும்.

அதிகாரிகள் அஞ்சுவார்கள் என்பது சுத்த அபத்தம். இந்த விலக்குரிமை காப்பது அரசின் பணப்பையை. தவறு செய்த ஊழியர் மீது தனிப்பட வழக்குப் போட எப்போதும் வழியுண்டு. அந்த வியாபாரி அந்தக் காவலரைத் தேடி எல்லை தாண்டிப் போயிருக்க வேண்டுமா? கருவூலத்துக்கு வருவோம். நஷ்டம் ஏற்கெனவே நேர்ந்துவிட்டது. அதை ஊரே பகிர்வதா, ஒருவர் தலையில் கட்டுவதா என்பதுதான் கேள்வி.

இந்த விலக்குரிமை உலக மரபாம். அமெரிக்கா 1946இலும் பிரிட்டன் 1947இலும் சில விதிவிலக்குகளோடு அரசின் மீது வழக்குத் தொடுக்கச் சட்டம் செய்துவிட்டன. நம் சென்னை உயர் நீதிமன்றம் 1882லேயே, உப்புத் தீர்வை வழக்கொன்றில், சட்டத்தின் பெயரால் அரசு செய்யும் காரியத்தை நீதிமன்றம் விசாரிக்கலாம் என்றது. வெள்ளைக்கார ஆட்சியில் கிடைத்த அந்த உரிமையைக் குடியரசில் மறுக்கச் சொல்கிறார் இவர்.

இப்போதுதான் ரிட் மனுவில் ஈடு கிடைக்கிறதே என்பது அவரது கடைசிச் சால்ஜாப்பு. விடுதலைத் தீர்ப்புக்குப் பிறகும் 14 ஆண்டு பீகார் சிறையில் கிடந்த ருதுல் ஷாவுக்கு 1983இல் கிடைத்தது 35,000 ரூபாய். மீதிக்குத் தனி வழக்குப் போட்டுக்கொள்ளலாம் என்றது நீதிமன்றம். அந்தத் தனி வழக்கில் எதிரே வந்து நிற்பது இவர் கட்டிக் காக்கும் இதே விலக்குரிமைதான். ரிட்டில் தொகைக்கு அளவுகோலும் கிடையாது; எல்லாம் நீதிபதியின் மனசு.

அரசின் பொறுப்பை வரையறுக்கச் சட்டம் தேவை என்று சட்ட ஆணையம் தன் முதல் அறிக்கையிலேயே, 1956இல், பரிந்துரைத்தது. 1965லும் 1967லும் வந்த மசோதாக்கள் நிறைவேறாமலே காலாவதியாயின. அவற்றை மீண்டும் கொண்டுவரச் சொல்ல வேண்டிய பேனா, கொண்டுவராதவர்களுக்கு வக்காலத்து வாங்குகிறது.